படக்கோட்டி தவிர உங்களுக்கு வேறென்ன கோட்டி? (நெல்லைப் பக்கத்து நேயர்கள் வாங்க)

பாலத்தடி, வண்ணார்பேட்டை

மூன்று பேர் படம் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், நாமும் வீட்டில் அதே படத்தைப் போட்டுக்கொண்டு கேட்போமே, அந்தத் தொடரைப் போன வாரம் கேட்டீர்களா? படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, க்ளைமாக்ஸ் சண்டை நெருங்குகிறது, நம் மூவரும் அதைக் கண்டுகொள்ளாமல் இருபது நிமிடம் அவரவர் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மைப்பேனாவைப் பிரித்துப் பூட்டுகிறவராம். இன்னொருவர் ரயில் கால அட்டவணையை மனப்பாடம் செய்கிறவராம். வில்லன் செத்ததைக்கூட யாரும் சொல்லவில்லை. நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ இதுவரை வந்ததிலேயே அந்த இருபது நிமிடம்தான் பிடித்தது.

அவர்கள் சென்னையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், இப்படி ஒன்றில் பைத்தியமாக இருக்கிறவர்களை "கீக்" என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் எதற்கு? கோட்டி என்று ஒன்று இருக்கிறதே. அவனுக்குப் புறாக் கோட்டி, இவனுக்கு ரேடியோக் கோட்டி. திட்டு மாதிரியும் இருக்கும், கொஞ்சல் மாதிரியும் இருக்கும். நாமெல்லாம் படகோட்டி இல்லை, படக்கோட்டி.

கேள்வி இதுதான். படக்கோட்டி தவிர உங்களுக்கு வேறென்ன கோட்டி? அது பிடித்த பிறகு நீங்கள் படம் பார்ப்பது எப்படி மாறியது? இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் "நான் நாணயம் சேர்க்கிறேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அல்வாதான். எந்த அர்த்தத்தில் என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என்னுடையது பாலங்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சுலோச்சன முதலியார் பாலம் தெரியும், 1843 இல் திறந்தது. ஜங்ஷனுக்குப் போனால் 1973 இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். இரண்டையும் தீக்குச்சியில் செய்து வைத்திருக்கிறேன், மேம்பாலத்தின் கீழடுக்கு மட்டும் பாக்கி. விளைவு: பாலம் வருகிற காட்சியில் கதாநாயகனைப் பார்க்க மாட்டேன், தூணைப் பார்ப்பேன். முக்கால்வாசிப் படங்களில் அவன் குதிக்கிற பாலம் ஒன்று, விழுகிற ஆறு வேறொன்று.


ஆபரேட்டர்மகன், அம்பாசமுத்திரம்

அப்பா தியேட்டர் ஆபரேட்டர். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். எனக்கு 35 எம்.எம். புரொஜெக்டர் கோட்டி. ஒன்றை முழுசாக வீட்டில் வைத்திருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. அந்தக் காலத்து மிஷின் முழுக்க வார்ப்பிரும்பு, ஆகவே எடைக்கு வாங்கியதில் லாபம் கடைக்காரருக்குத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறையில் இரண்டு மிஷின் இருக்கும். ஒரு ரீல் 2000 அடி. அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், முழு ரீல் என்றாலும் 22 நிமிடச் சொச்சம்தான். ரீல் முடிவதற்கு முன்னால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நாலே நாலு ஃபிரேம், நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண் சிமிட்டினால் போச்சு.

எங்கள் அப்பா அந்தப் புள்ளியைப் பார்த்து நான் கண்டதில்லை. திரைக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். "இன்னும் ரெண்டு வசனம் இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைப்பார், எழுந்து போவார், சரியாக மாற்றுவார். இடையில் கார்பன் வேறு. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எரிகிற வெளிச்சம்தான் அன்றைக்குப் படம். குச்சி எரியத் தேயும், தேய்ந்தால் இடைவெளி கூடும், திரை மங்கும். உடனே கீழேயிருந்து "ஏலே ஆபரேட்டர், கார்பனைத் தள்ளுலே!" என்று சத்தம் வரும். எல்லாப் படத்தையும் நூறு தடவை ஓட்டியவர், அதில் பாதியைக் காதால் மட்டும் பார்த்தவர்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: டிவியில் பழைய படம் போட்டால் இன்றைக்கும் என் கண் வலது மேல் மூலைக்குத்தான் போகும். பழைய பிரிண்டிலிருந்து எடுத்ததில் புள்ளி அப்படியே இருக்கும். புள்ளி வந்ததும் கை தன்னால் எழும்பும். வீட்டுக்காரி, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்பாள்.


தமிழ்99காரி, பாளையங்கோட்டை

எனக்கு விசைப்பலகைக் கோட்டி. மூன்று இருக்கின்றன, மூன்றுக்கும் சால்டரிங் நானே. விசைகளில் ஆங்கில எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தமிழ்99 வரிசை, 1999 இல் அரசு ஏற்றுக்கொண்டது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். "அண்ணாச்சி" என்று அடிக்க ஏழே தட்டு: அ, ண, ண, ஆ, ச, ச, இ. ஒரு புள்ளிகூட நான் வைக்கவில்லை, பாருங்கள். தொடர்களை எழுத்தில் இறக்கிப் போடுவது நான்தான் என்பது சிலருக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரப் பேச்சை இறக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

ஒரு சோகத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் அச்சடித்து வாங்கிய விசை மூடிகள் பார்சல் கிழிந்து வந்து சேர்ந்தன. எண்ணினால் இரண்டு குறைகிறது. ஞ, ழ. கூரியர் ஆபீஸில் போய்ச் சொன்னால், "சின்ன பிளாஸ்டிக் துண்டுதானம்மா" என்கிறார்கள். ஞ போனால்கூடச் சமாளிக்கலாம். ழ இல்லாமல் எங்கே போய்த் தமிழ் அடிப்பது? இப்போது அந்த இடத்தில் ஷாம்பு பாட்டில் மூடியை வெட்டி ஒட்டியிருக்கிறேன். நீல நிறம். விரலுக்கு அது மட்டும் வழவழவென்று இருக்கும், பார்க்காமலே ழ எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வகையில் லாபம்தான்.

படத்தில் என்ன மாறியது என்றால், கம்ப்யூட்டர் திருடன் வருகிற காட்சியில் அவன் கட்டைவிரலைப் பார்ப்பேன். ஸ்பேஸ் பாரைத் தட்டவே மாட்டான். காட்டுவது தட்டை லேப்டாப், சத்தம் மட்டும் அந்தக் காலத்து டைப்ரைட்டர். திரையில் தமிழ்க் கடிதம் காட்டினால் எழுத்துரு உடைந்து கொம்பு தனியாக நிற்கிறதா என்று பார்ப்பேன். கதாநாயகியின் கடைசிக் கடிதம், தியேட்டரே அழுகிறது, நான் ஒற்றைக் கொம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தங்கச்சி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.


சும்மாபார்க்கிறவன், தென்காசி

கோபப்படாமல் கேளுங்கள். தூணைப் பார்க்கிறீர்கள், மூலையைப் பார்க்கிறீர்கள், கட்டைவிரலைப் பார்க்கிறீர்கள். படத்தை எப்போது பார்ப்பீர்கள்? படம் ஓடும்போது பக்கத்து சீட்டுக்காரன் பேசினால் நமக்கு எரிச்சல் வருமா, வராதா? அதையே மூன்று பேர் மைக் வைத்துப் பேசினால் கலை என்கிறோம். நானும் கேட்கிறேன்தான், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன், படம் பார்க்கும்போது இல்லை. படம் என்றால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இந்தப் பேசிக்கொண்டே பார்க்கிற வழக்கம் எல்லாம் வெளிநாட்டு டிவிடியோடு வந்தது.


கொடைசெட், திசையன்விளை

தென்காசித் தம்பிக்கு ஒரு பதில். நான் நாற்பது வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், பூப்புனித நீராட்டு எல்லாம். தென்னை மரத்தில் குழாய் கட்டுவது என் சோலி. குழாய் ஸ்பீக்கரும் கேசட்டும்தான் எனக்குக் கோட்டி. இன்றைக்கும் எழுநூறு கேசட்டுக்கு மேல் வீட்டில் இருக்கிறது. பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருப்பதே தனி வேலை.

பேசிக்கொண்டே படம் பார்ப்பது வெளிநாட்டு வழக்கம் என்கிறீர்கள். தம்பி, வீட்டில் போடுகிற தட்டில் வருணனைத் தடம், அதாவது படத்தோடு சேர்ந்து ஓடுகிற பேச்சு, முதலில் வந்தது 1984 இல், கிங் காங் படத்தின் லேசர் டிஸ்க்கில் என்பார்கள். பேசியவர் ரொனால்ட் ஹேவர். அந்தப் படம் வந்தது 1933 இல். ஆக, பேசியவர் படத்தை எடுத்தவர் இல்லை, பழைய படங்களைக் காப்பாற்றி வைத்த ஒரு ரசிகர். கோட்டிக்காரர்தான். அது வரைக்கும் சரி. ஆனால் ஊமைப்பட காலத்திலேயே நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறாரே, அவர் என்ன செய்தார்?

அதையும் விடுங்கள். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அய்யா வில்லடித்துக் கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். சில இடத்தில் "அப்படியா?" என்பார். சில இடத்தில் "அது எப்படி அண்ணே?" என்று குறுக்கே கேட்பார். அந்த ஆமா இல்லாவிட்டால் கதை நகராது. நம் தொடரில் அந்த மைப்பேனாக்காரர் செய்வது என்ன? நான் அவரை ஆமாக்காரர் என்றுதான் வீட்டில் சொல்வேன்.

இன்னொன்று. படத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் பார்ப்பதும் நமக்குப் பழக்கம்தான். இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நம் கடற்கரைப் பக்கத்தில் எத்தனை பேர்! கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கதை வசனக் கேசட்டைப் போட்டால், மூன்று தெருவும் அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டே படம் பார்க்கும். 1959 இல் வந்த கட்டபொம்மன் படத்தைத் திரையில் பார்க்காமலேயே வசனம் ஒப்பிக்கிற கிழவிகளை எனக்குத் தெரியும். வரி கேட்கிற வசனம் வரும்போது கிணற்றடியில் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு முழு வசனத்தையும் சொல்லுவாள். அப்புறம் "இவன் குரலுக்குத்தாம்ல வெள்ளக்காரன் பயந்தான்" என்பாள். வருணனை இல்லாமல் அது வேறென்ன?


சும்மாபார்க்கிறவன், தென்காசி

அண்ணாச்சி, வாளிக் கிழவிக்கு முன்னால் எனக்கு வாதம் இல்லை. பக்கத்து சீட்டுக்காரன் விஷயத்தை மட்டும் விட மாட்டேன்.


கூழைக்கடா, மூலைக்கரைப்பட்டி

எனக்குப் பறவை. கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தால் வேறு கோட்டி எப்படி வரும்? நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இந்தக் குளத்தில் இறங்கும். ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வருடா வருடம் போகிறேன். 2011 இலிருந்து நடக்கிறது, மணிமுத்தாறில் இருக்கிற ஏட்ரீ அமைப்பின் மையம் நடத்துகிறது. ஒரு குளத்தில் நாலாயிரம் உள்ளான்கள் ஒரே நேரத்தில் எழும்பும்போது எண்ணுவது எப்படி என்று கேட்காதீர்கள். பத்துப் பத்தாகப் பிரித்து, பிறகு நூறு நூறாக, பிறகு சாமியைக் கும்பிட்டு.

படம் பார்ப்பது மாறியதா என்றால், பாழாய்ப் போனது. கழுகைக் காட்டுவார்கள். "கீ...." என்று ஒரு நீளக் கூச்சல் வரும். அது அமெரிக்காவில் இருக்கிற செவ்வால் பருந்தின் குரல். உலகத்தில் எந்த நாட்டுக் கழுகு வாயைத் திறந்தாலும் சினிமாவில் அதுதான் வருகிறது. நம் ஊர்க் கருடன், செம்பருந்து, குழந்தை அழுகிற மாதிரி இழுத்து முனகும். அதை வீரக் காட்சிக்குப் போட முடியாது என்று விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஒரு படத்தில் பொதிகை மலை நள்ளிரவு, பின்னணியில் ஆஸ்திரேலியாவின் குக்கபரா சிரிக்கிறது. அதுவும் பகலில் சிரிக்கிற பறவை. இன்னொன்றில் மார்கழிக் காலைக் கோலம், குயில் உச்சத்தில் கூவுகிறது. குயில் கோடையில்தான் அப்படித் தொண்டையைத் திறக்கும்.

குளக்கரையில் ராத்திரி யாரோ நடந்து போகிற காட்சியா? வேண்டியது ஒரே ஒரு ஆள்காட்டிக் குருவி. மனுஷன் நடமாட்டம் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும், அதனால்தான் அந்தப் பெயரே. கதைக்கும் பொருந்தும், செலவும் இல்லை. எந்த இயக்குநருக்காவது வேண்டுமென்றால் என்னிடம் பதிவு இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன்.

ஆனால் தென்காசித் தம்பி, ஒன்று சொல்கிறேன். சத்தம் சரியாக வருகிற படம் எப்போதாவது வரும். ஒரு வயல் காட்சியில் பின்னால், யாரும் கவனிக்காத தூரத்தில், செண்பகம் "உம் உம் உம்" என்று குமுறியது. சரியான நேரம், சரியான தூரம். அந்த இடத்தில் நானும் செத்துப்போன எங்கள் அப்பாவும் வரப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. தியேட்டரில் எனக்கு மட்டும் கண் கலங்கியது. சும்மா பார்த்திருந்தால் அது கிடைத்திருக்காது.


பதினெட்டுப்புள்ளிரெண்டு, நாங்குநேரி

பெயரைப் பார்த்து எல்லோரும் ஏதோ வட்டி விகிதம் என்று நினைக்கிறார்கள். இல்லை, அலைவரிசை.

சின்ன வயதில் கொடைசெட் அண்ணாச்சி சொன்ன மாதிரி இலங்கை வானொலியில் ஆரம்பித்த கோட்டிதான். மத்திய அலையில் திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053, அதற்குப் பக்கத்தில் ராத்திரியில் என்னென்ன கேட்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதி வைப்பேன். தூரத்து நிலையத்துக்குக் கடிதம் எழுதினால், கேட்டது உண்மைதான் என்று அட்டை அனுப்புவார்கள். அட்டை வருகிற நாள் எனக்குத் தீபாவளி. அப்படியே இறங்கி இறங்கி அடித்தட்டுக்கு வந்துவிட்டேன்.

விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது, 1990 இலிருந்து. (அண்ணாச்சியின் கேசட்டுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்!) அந்தக் கம்பங்கள் 471 மீட்டர். ராத்திரி சிவப்பு விளக்கு எங்கள் மாடியிலிருந்தே தெரியும். நீருக்குள் இருக்கிற நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற நிலையம். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் நுழைந்ததும் செத்துவிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் கொஞ்சம் மீட்டர் உள்ளே இறங்கும். இவர்களுடையது 18.2 கிலோஹெர்ட்ஸ். ஒரு அலையின் நீளமே பதினாறரை கிலோமீட்டர். இங்கே நாங்குநேரியில் தலை என்றால் வால் எங்கேயோ.

இதில் வேடிக்கை, இதைப் பிடிக்க ரேடியோவே வேண்டாம். கம்ப்யூட்டரின் ஒலி அட்டை நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும். அப்படியென்றால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குக் காது கேட்கும், 18.2 அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. மரச்சட்டத்தில் எனாமல் கம்பியை எண்பது, நூறு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் மைக் துளையில் கொடுத்து, அலைவரிசைப் படம் காட்டுகிற மென்பொருளைத் திறந்தால் 18.2 இல் ஒரு கோடு நிற்கும். செய்தி என்ன என்று தெரியாது, அது சங்கேதம், தெரியவும் வேண்டாம். அந்தப் பக்கம் போய் நின்று படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். வீட்டில் இருந்தபடி அது இருக்கிறது என்று பார்ப்பதோடு நம் கோட்டி முடிகிறது.

கொல்கத்தாவில் ஆராய்ச்சியாளர்கள் இதே கோட்டைப் பார்த்து, சூரியனில் வெடிப்பு நடந்தால் அயனி மண்டலம் எப்படி ஆடுகிறது என்று கணிக்கிறார்கள். நமக்கு அது தெரியாது. நாம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறோம், அலை தரையோடு நேராக வந்துவிடுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊருக்குப் பக்கமாகப் போவதால் கிருஷ்ணாபுரத்திலேயே புவிகாந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. சிற்பம் பார்க்க வருகிறவர்கள் யாருக்கும் இது தெரிவதில்லை.

படம்? நீர்மூழ்கிப் படத் தொடரை நான் முழுசாகக் கேட்கவில்லை. நடுக்கடல், ஆழத்தில் கப்பல், கேப்டன் கையில் மைக்கைப் பிடித்து தில்லியோடு மணிக்கணக்கில் பேசுகிறார். இந்த அலையில் பேச்சே போகாது ஐயா, சில எழுத்துகள்தான் போகும், அதுவும் ஒரு வழிதான். மைப்பேனாக்காரர் அந்த இடத்தில் "நெட்வொர்க் நல்லா இருக்கே" என்றார். அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.


தமிழ்99காரி, பாளையங்கோட்டை

அண்ணே, பாளையங்கோட்டையில் கிடைக்குமா? எத்தனை கேஜ் கம்பி? என் லேப்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் ஒரே துளைதான் இருக்கிறது.


பதினெட்டுப்புள்ளிரெண்டு, நாங்குநேரி

தாராளமாகக் கிடைக்கும் தங்கச்சி, நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மிச்சக் கம்பி கேளுங்கள், எது கொடுத்தாலும் சரி. முனையில் இருக்கிற எனாமலைச் சுரண்ட மறக்க வேண்டாம். நான் முதல் தடவை சுரண்டாமல் மாட்டிவிட்டு இரண்டு நாள் கடற்படையைச் சந்தேகப்பட்டேன். ஒரே துளை என்றால் யு.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், டியூப் லைட்டை அணையுங்கள். சட்டத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள், விஜயநாராயணத்தை நோக்கி விளிம்பு நிற்கும்போது கோடு நன்றாக எழும்.


தோணிப்பிறை, களக்காடு

நான் வாத்தியார். கோட்டி வானம். ஆறு அங்குலக் கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தொலைநோக்கி செய்தேன். ஆறு மாதம். கடைசி வாரம் ஒரு மணல் பொடி உள்ளே விழுந்து கீறிவிட்டது, மறுபடி மூன்று மாதம்.

நம் ஊர் வானத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் எட்டரை பாகை உயரத்தில் புழுதிக்குள் கிடக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தெற்கே திரும்பினால் கதை வேறு. மாசியில் இருட்டியதும் அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். சித்திரை, வைகாசியில் தென்சிலுவை முழுசாகத் தெரியும். பொதிகையடியில் இருந்துகொண்டு அகத்தியரைப் பார்ப்பதற்கு வேறு ஊர்க்காரர்கள் கொடுத்து வைக்கவில்லை.

சினிமா நிலாவைப் பற்றி எழுதினால் இந்த இழை போதாது. ஒன்றே ஒன்று. நம் ஊரில் மூன்றாம் பிறையை நீங்கள் பார்த்ததுண்டா? தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் ஆச்சி மழைக்குக் குறி சொல்வாள். படத்தில் கணினியில் வரைகிற பிறை நிமிர்ந்து நிற்கும், அரிவாளைச் சுவரில் மாட்டின மாதிரி. அது ஐரோப்பாவில் தெரிகிற பிறை. கதை நடப்பது குற்றாலத்தில், நிலா மட்டும் லண்டனில். அப்புறம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பௌர்ணமி நிலா பனைமரத்துக்குப் பின்னால், பிரம்மாண்டமாக, அடிவானத்தில். அந்நேரம் அது உச்சிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கும்? வகுப்பில் பிள்ளைகளிடம் இதையே கேள்வியாகக் கேட்கிறேன்: இந்தக் காட்சியில் மணி என்ன? படத்தில் பன்னிரண்டு என்றால் பிள்ளைகள் ஏழு என்கிறார்கள். பிள்ளைகள் சொல்வதுதான் சரி.


பாலத்தடி, வண்ணார்பேட்டை

வாத்தியார் ஐயா, இனிமேல் நிலாப் பாட்டு எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. நன்றி.

இடையில் ஒரு நடைமுறைச் சந்தேகம். நான் எத்தனை முறை "மூன்று, இரண்டு, ஒன்று, ப்ளே" என்று சரியாக அமுக்கினாலும், இடைவேளைக்குப் பிறகு அவர்கள் பேச்சு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். எனக்கு மட்டும்தானா?


ஆபரேட்டர்மகன், அம்பாசமுத்திரம்

இல்லை, எல்லோருக்கும்தான். இரண்டு காரணம்.

ஒன்று, படத்தின் நீளமே ஒன்றுபோல் இருப்பதில்லை. தியேட்டர் பிரதியில் புகைபிடித்தல் எச்சரிக்கைப் படம் முன்னாலும் நடுவிலும் வரும், 2012 விதி. இடைவேளை அட்டை வரும். ஓ.டி.டி. பிரதியில் இடைவேளை அட்டையை வெட்டியிருப்பார்கள், தயாரிப்பு நிறுவனத்தின் முத்திரை ஒன்றைக் கூட்டியிருப்பார்கள். சென்சார் சான்றிதழிலிருந்து எண்ணினால் ஒரு கணக்கு, தலைப்பிலிருந்து எண்ணினால் இன்னொரு கணக்கு.

இரண்டாவது, வேகம். பழைய பால் (PAL) முறை டிவிடியில் நொடிக்கு 25 ஃபிரேம். 24 இல் எடுத்ததை 25 இல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் எங்கே போனது என்று தேடக் கூடாது, ஒவ்வொரு நொடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. பாட்டின் ஸ்ருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைய ஏறிவிடும். டிவிடி வந்த புதிதில் அப்பா ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இவன் எதுக்கு இப்படி அவசரப்படுறான்?" என்றார். கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடித்தார்.

வழி: ஒரு தரம் சேர்த்தால் போதாது. அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சத்தத்தில் சேருங்கள். கதவு அடிக்கிற சத்தம், துப்பாக்கி, கன்னத்தில் அறை. அவர்களிடமும் கேட்டு வைப்போம், "இப்போது அறை விழுகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.


சும்மாபார்க்கிறவன், தென்காசி

சரி, தோற்றேன். எனக்கும் ஒன்று இருக்கிறது, இதுவரை கோட்டி என்று நினைக்கவில்லை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் முன்னூற்றுச் சொச்சம். தியேட்டர் வாசலில் விற்பார்களே, மெல்லிய தாளில், முதலில் கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். நான் வேலைக்குப் போன பிறகு பழைய புத்தகக் கடைகளில் தேடி இன்னும் நூற்றுச் சொச்சம் சேர்த்திருக்கிறேன். துருப்பிடித்த ஸ்டேப்பிளை எடுத்துவிட்டு நூலால் தைத்து வைக்கிறேன், துரு தாளைத் தின்றுவிடும். எனக்குப் பிடித்தது பாட்டு இல்லை, கதைச் சுருக்கம். "ராதா என்ன ஆனாள்? மோகன் திரும்பி வந்தானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க." பாதிப் படங்கள் எனக்கு அந்த இடத்தோடு நிற்கின்றன. வேண்டுமென்றே மீதியைப் பார்க்காமல் வைத்திருக்கிறேன்.

தாத்தா ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார். நேற்று இந்த இழையைப் படித்த பிறகுதான் அதை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் "இங்கு விசில்". ஒரு கதைச் சுருக்கத்துக்குக் கீழே "பொய்". இன்னொன்றில் "கோமதி அழுதாள்". கோமதி எங்கள் ஆச்சி. பக்கத்து சீட்டுக்காரன் பேசினால் எனக்குப் பிடிக்காது என்றேன் இல்லையா, எங்கள் தாத்தாவே பக்கத்து சீட்டுக்காரன்தான் போல.


கொடைசெட், திசையன்விளை

தம்பி, அந்தப் பென்சிலை அழித்துவிடாதீர்கள். தாளை வெயிலில் காட்ட வேண்டாம், நொச்சி இலை போட்டு வையுங்கள், பூச்சி வராது. ஒரு நாள் தென்காசி வருகிறேன். என்னிடம் கதை வசனக் கேசட் இருக்கிறது, உங்களிடம் புத்தகம். ராதா என்ன ஆனாள் என்று சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள்.


கூழைக்கடா, மூலைக்கரைப்பட்டி

நானும் வருகிறேன் அண்ணாச்சி. கோமதி ஆச்சி எந்தப் படத்துக்கு அழுதார்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.


தமிழ்99காரி, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் ஒரு செய்தி. கம்பி காயில் கடையில் கிடைத்தது, அரைக் கிலோ. சட்டத்துக்கு மரம் தேடினேன், சாமி படத்தின் பழைய சட்டம் ஒன்று பரணில் இருந்தது, கண்ணாடி உடைந்தது. தொண்ணூற்றாறு சுற்று. எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது, தங்கச்சி பேச்சுக் கொடுத்ததால். ராத்திரி பத்தரைக்கு மொட்டை மாடியில், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மாட்டினேன். ஒன்றும் இல்லை. ஐம்பது ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் மட்டும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக. முனையைப் பார்த்தால், சொல்லியும் எனாமலைச் சுரண்டவில்லை. பிளேடால் சுரண்டி மறுபடி மாட்டிச் சட்டத்தைத் தெற்கே திருப்பினேன்.

18.2 இல் கோடு. மெல்லிய நீலம், கொஞ்சம் நடுங்குகிறது. சட்டத்தை மேற்கே திருப்பினால் மங்குகிறது, தெற்கே திருப்பினால் எழுகிறது. அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தலைக்கு மேலே பிறை இருந்ததா என்று வாத்தியார் ஐயா கேட்பார். இல்லை, அது எப்போதோ மறைந்துவிட்டது. ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டே போனது. அக்கா, அது ஆள்காட்டிதானே? பதிவு செய்திருக்கிறேன், அனுப்புகிறேன். அம்மா கீழேயிருந்து சாமிப் படச் சட்டம் எங்கே என்று கேட்கிறார்கள்.